பழைய கோர் 2 டுவோ கணினியில் லினக்ஸ் நிறுவினால் உண்மையிலேயே வேகம் கூடுமா?

கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7, மேசைக் கணினி, தூக்கிப் போட மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போட வேண்டாம். அதே சமயம், லினக்ஸ் ஏற்றிய மறுநாளே கணினி பறக்கும் என்கிறவர்களையும் நம்பாதீர்கள். இயங்குதளம்தான் இலேசாகும், இணையப் பக்கங்களின் எடை அப்படியேதான் இருக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனும், அதன் மேல் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான திரையும் ரேமில் ஏறக்குறைய அரை ஜிபிக்குள் அடங்கிவிடும். பிரவுசரில் நாலைந்து பக்கங்களைத் திறந்ததும் மிச்ச ரேமும் தீர்ந்து, ஹார்டு டிஸ்க் கரகரக்கத் தொடங்கும். ஆகவே முதலில் ரேமை 4 ஜிபி ஆக்குங்கள். இத்தகைய கணினிகளில் பெரும்பாலும் இருக்கும் டிடிஆர் 2 வகை ரேம் புதிதாகக் கிடைப்பது அரிது; சென்னையில் இருந்தால் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பழையது தேடலாம். கூடவே ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டி. இந்தக் கணினி மண்டையைப் போட்டாலும் அதைக் கழற்றி வேறொன்றில் மாட்டிக்கொள்ளலாம்.

கோர் 2 டுவோ 2006இல் வந்தது. 64 பிட் செயலி. 2025இல் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது, ஆனால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆட்டம் என்270 போன்ற 32 பிட் செயலி வைத்திருப்பவர்கள் இலேசான லினக்ஸான ஆன்டிஎக்ஸ் 23 அல்லது லினக்ஸ் அல்லாத வேறொரு இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டி பக்கம் போகலாம். பின்னது கட்டளை வரிக்கு அஞ்சாதவர்களுக்கு மட்டும்.

லினக்ஸ் நிறுவி இருக்கும் பென் டிரைவைச் செருகுவதற்கு முன் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அது செத்திருந்தால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். உடனே பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிரவுசர் மறுக்கும்; டெபியனும் தொகுப்புப் பட்டியலின் தேதியைப் பார்த்து அப்டேட் தர மறுக்கும். பழி முழுவதும் பாவம், லினக்ஸ் மேல் விழும். என் அத்தை வீட்டுக் கணினியில் இப்படித்தான் வைரஸ் என்று முடிவுகட்டி வைத்திருந்தார்கள்.

பழைய பயாஸ்களில், அதாவது கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரைகளில், பென் டிரைவ் பெரும்பாலும் தனியாகத் தெரியாது. பூட் வரிசையில் ஹார்டு டிஸ்க் என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும், அங்கே போய் அதை மேலே ஏற்றுங்கள். அந்தக் கால மேசைக் கணினியில் பெரும்பாலும் வைஃபை இராது. ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும், நிறுவி அதைப் பிணைய அட்டையாகவே எடுத்துக்கொள்ளும்.

யூடியூப்பை 480பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்றைய வீடியோ வடிவங்களை விரிக்கும் வன்பொருள் அந்தக் கணினியில் கிடையாது. முழுச் சுமையும் செயலியின் தலையில்தான்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். விண்டோஸ் 7க்கான பொதுப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. டேலி மாதிரி ஏதாவது ஒன்றை நம்பித் தொழில் நடக்கிறது என்றால், பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் அதிலேயே விண்டோஸை விட்டுவையுங்கள். லினக்ஸ் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். விண்டோஸுக்குள் போகும் நாட்களில் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள்.