அந்தப் பப் யாருடையது?

அன்புள்ள அண்ணா,

1997இல் மாணவனாக லண்டன் வந்தேன். டென்மார்க் ஹில் ரயில் நிலையக் கட்டடத்தில் இருந்த ஃபீனிக்ஸ் அண்ட் ஃபெர்கின் பப்தான் அப்போது எங்கள் கூடாரம். அந்த மர பெஞ்சுகளும், சிலேடை அச்சடித்த டி-ஷர்ட்டுகளும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஃபெர்கின் என்ற அந்தப் பப் செயினே போய்விட்டது. விட்பிரெட் கம்பெனியின் ஹாக்ஸ்ஹெட் பப் செயினும் போய்விட்டது. இப்போது நான் இருக்கும் தெருவின் மூலைப் பப்பும் சூப்பர்மார்க்கெட் ஆகிவிட்டது. புகைத்தடைச் சட்டமும், குடிப்பழக்கம் இல்லாத குடியேறிகள் பெருகியதும்தான் காரணம் என்று வேலையிடத்தில் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. இதை வைத்துத் தமிழில் ஒரு நாவல் எழுத ஆசை. குடிகாரன் கதை என்று ஒதுக்கிவிடுவார்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எங்கள் பகுதியில் ஒரு பப்பின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். தினமும் அதைக் கடந்துதான் பேருந்துக்குப் போகிறேன். உங்கள் கடிதம் வரும்போது மனம் ஏற்கனவே அங்கேதான் இருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். நாவல் விஷயம் இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

மாணவனாக வந்து இறங்கிய ஊரில், கையில் இருந்த சில்லறைக்கு ஒரு பைன்ட் பியர் வாங்கி, அதை மணிக்கணக்காக வைத்துக்கொண்டு கதைத்திருக்கிறீர்கள். யாரும் எழும்பச் சொல்லவில்லை. அந்த நினைவு உங்களுடையது. அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஃபெர்கினையும் தெருமூலைப் பப்பையும் ஒரே பாடையில் ஏற்றி அழுகிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஃபெர்கினின் கதையை விசாரித்தீர்களா? 1979இல் டேவிட் புரூஸ் என்பவர் லண்டனின் சதர்க்கில் கூஸ் அண்ட் ஃபெர்கின் என்று ஒரு பப்பைத் திறந்து, அதன் நிலவறையிலேயே பியர் காய்ச்சினார். பெரிய ஆலைகளின் பியரையே எல்லோரும் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அது துணிச்சலான வேலை. 1988இல் அவர் விற்றுவிட்டார். அப்புறம் அது கைமாறிக் கைமாறி அலைட் என்ற பெருநிறுவனத்திடம் போனது. ஊர் ஊராக இருந்த பழைய பப்களின் பெயரைக் கழற்றிவிட்டு ஃபெர்கின் பலகையை மாட்டினார்கள். 1997இல் உங்களுக்குப் பியர் ஊற்றியது அந்த ஃபெர்கின். 1999இல் அலைட் தன் பப்களை விற்றதோடு அதன் காலமும் முடிந்தது. அந்தப் பலகைகளுக்கு முன்பு அந்தப் பழைய பப்களுக்கு என்ன பெயர் இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கிற வயதும் இல்லை, சரி.

ஒவ்வொரு தலைமுறைக்கும் இப்படி ஒரு செயின் இருக்கிறது. வயதான ஆங்கிலேயர்களிடம் பெர்னி இன் என்ற உணவகச் செயினின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். இறால் காக்டெயில், ஸ்டேக், பிளாக் ஃபாரஸ்ட் கேக். இத்தாலியச் சகோதரர்கள் இருவர் பிரிஸ்டலில் தொடங்கியது. அதையும் கடைசியில் விட்பிரெட் வாங்கித் தன் பீஃப்ஈட்டர் உணவகங்களோடு கரைத்துவிட்டது.

புகைத்தடை 2007 ஜூலையில் இங்கிலாந்துக்கு வந்தது. சில பப்களை அடித்தது உண்மை. அதைப் பற்றி இதற்குமேல் பேச எனக்கு ஒன்றுமில்லை.

குடியேறிகள் என்று எழுதினீர்களே, அதற்கு உங்களைத் திட்டியே ஆக வேண்டும். வேலையிடத்தில் யாரோ சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டு எனக்கு எழுதுகிறீர்கள். 1960களில் பர்மிங்ஹாம் பக்கத்து ஸ்மெதிக்கில் பஞ்சாபிகள் வார்ப்பாலைகளில் வேலை முடித்து வந்தால், பப்பின் நல்ல அறையில் அவர்களுக்கு இடம் கிடையாது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார், கொல்லப்படுவதற்கு ஒன்பது நாள் முன்பு. அந்த ஆண்டுதான் சட்டம் அந்தப் பாகுபாட்டைத் தடுத்தது. பிறகு அந்தப் பகுதிகளில் பப்கள் மூட இருந்தபோது எடுத்து நடத்தியவர்களில் அதே பஞ்சாபிகளின் பிள்ளைகளும் உண்டு. டார்ட்ஸ் பலகை ஒரு பக்கம், மிக்ஸ்ட் கிரில் என்ற சுட்ட இறைச்சியின் வாசம் ஒரு பக்கம். ஸ்மெதிக்குக்குப் பக்கத்து வெஸ்ட் பிராம்விச் பக்கம் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். கிழட்டு வெள்ளைக்காரரும் சர்தார்ஜியும் ஒரே மேசையில் கால்பந்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, யார் கொன்றது? 1989இல் தாட்சர் அரசு பியர் ஆணைகளைக் கொண்டுவந்தது. அதுவரை ஆறு பெரிய ஆலைகள் பியரையும் காய்ச்சின, அதை விற்கும் பப்களையும் வைத்திருந்தன. 2,000க்கு மேல் பப் வைத்திருந்தால், மேலதிகத்தில் பாதியைத் தங்கள் பிடியிலிருந்து விட வேண்டும் என்றது ஆணை. நல்ல நோக்கம்தான். ஆனால் பியரே காய்ச்சாத கம்பெனிகளுக்கு அந்த வரம்பு கிடையாது. ஆலைகள் விற்ற பப்களை அவை மொத்தமாக அள்ளின. ஜப்பானிய வங்கியான நொமுரா ஒரு கட்டத்தில் பிரிட்டனின் ஆகப்பெரிய பப் முதலாளி. பன்ச், என்டர்பிரைஸ் என்ற இரண்டும் 2000களின் நடுவில் ஆளுக்கு 8,000க்கும் அதிகமான பப் வைத்திருந்தன, எல்லாம் கடனில். பப்பை நடத்துகிறவர் வாடகையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், பியரையும் அவர்கள் சொல்லும் விலைக்கு அவர்களிடமே வாங்க வேண்டும். 2008இல் கடன் கழுத்தைப் பிடித்ததும் கட்டடங்களை விற்கத் தொடங்கினார்கள். 2017 வரை இங்கிலாந்தில் ஒரு பப்பைக் கடையாக மாற்றப் பொதுவாகத் திட்ட அனுமதிகூடத் தேவைப்படவில்லை. உங்கள் சூப்பர்மார்க்கெட் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா?

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தென் லண்டனில் சித்தப்பாவின் ஆஃப்-லைசன்ஸ் கடையில், அதாவது மது வாங்கி வெளியே கொண்டுபோகும் கடையில், இரவு வேலை பார்த்தேன். மூலைப் பப்பை நடத்திய மனிதர் பூட்டிவிட்டு சிகரெட் வாங்க வருவார். வந்தால் நேரே பியர் பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்று, விலைத்துண்டுகளை வாசிப்பார். எங்கள் சில்லறை விலை அவருடைய கொள்முதல் விலையை விடக் குறைவு. ஒருநாள் சித்தப்பா, "இங்கேயே வாங்கிக்கொண்டு போவதுதானே?" என்று கேட்டார். அந்த மனிதர் சிரித்தார். நிலவறைக் குழாயில் கம்பெனி மீட்டர் பூட்டியிருக்கிறது, எத்தனை பைன்ட் ஊற்றுகிறேன் என்பது எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும், வெளியில் வாங்கியது பிடிபட்டால் அபராதம் என்றார். பப்புக்கு மேல்மாடியில்தான் குடும்பம். பிள்ளைகள் இரண்டும் அங்கேயே வளர்ந்தவர்கள். ஒரு செங்கல்கூட அவருடையதில்லை. சித்தப்பா சீட்டுப் பிடித்து, அங்கே இங்கே கடன்பட்டு, கடைக் கட்டடத்தையே வாங்கியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பப்பை விற்றார்கள். மேலே ஃபிளாட், கீழே ஒரு பெரிய செயினின் சிறு கிளை. அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. பிறகு அந்தச் செயின் சித்தப்பாவின் வியாபாரத்தையும் தின்றது. ஆனால் கட்டடம் அவருடையது என்பதால் அவர் பிழைத்தார், மாடியை வாடகைக்கு விட்டு.

விற்றால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. 2015இல் லண்டனின் கில்பர்னில் கார்ல்டன் டேவர்ன் என்ற பப்பைச் சொந்தக்காரர்கள் அனுமதி இல்லாமல் இடித்துத் தள்ளினார்கள். இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டு என்று உத்தரவு வந்தது. 2021இல் மறுபடி திறந்தார்கள். தென் லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் பப்பை 2013இல் ஊர்க்காரர்களே சேர்ந்து வாங்கிவிட்டார்கள். அங்கெல்லாம் ஆட்கள் அழுதுவிட்டுப் போகவில்லை. மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், கவுன்சிலை விடாமல் நச்சரித்தார்கள். உங்கள் மூலைப் பப் மூடும்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? கடைசியாக எப்போது அதற்குள் போனீர்கள்? கடிதத்தில் அது இல்லை.

நாவல். எழுதுங்கள். குடிகாரன் கதை என்று சொல்பவர் எப்படியும் சொல்வார், அவருக்காக எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் டி-ஷர்ட்டையும் மர பெஞ்சையும் வைத்து மட்டும் எழுதி எனக்கு அனுப்பிவிடாதீர்கள், நான் வாசிக்க மாட்டேன். உங்கள் தெருவின் அந்தக் கட்டடத்துக்கு நிலப் பதிவேட்டில் சில பவுணுக்கு நகல் கிடைக்கும், இணையத்திலேயே. இப்போது யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆண்டு கைமாறியது என்று பாருங்கள். அதற்கு முன் அங்கே மேல்மாடியில் இருந்த குடும்பம் எங்கே போனது என்று பக்கத்து வீடுகளில் கேளுங்கள். முதல் அத்தியாயத்தை அதற்குப் பிறகு அனுப்பினால் போதும்.