கோபமும் இரக்கமும் ஒரே வசனத்தில்: வாசகர் கேள்வி பதில்

யாத்திராகமம் 32-ல் ஜனங்களை அழித்துப்போடுவேன் என்கிற கர்த்தர், 34-ல் தம்மை இரக்கமும் கிருபையும் உள்ளவர் என்கிறார். இதற்குள் மனம் மாறிவிட்டாரா? எதை நம்புவது?
– வாசகி, நாகர்கோவில்

சகோதரி, 32, 33, 34 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்து வணங்கிய 32-ஆம் அதிகாரக் கதை ஓய்வுநாள் பள்ளிக்கும் 34:6 பிரசங்கத்துக்கும் என்று பிரிந்துபோனதால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் 32:10-ஐப் பாருங்கள். “நீ என்னை விட்டுவிடு” என்று மோசேயிடம் சொல்கிறார். அழிப்பதென்று முடிவாகிவிட்டால் ஒரு மனிதனிடம் இப்படிச் சொல்ல என்ன அவசியம்? மோசே அதை மன்றாடக் கிடைத்த வாசலாகவே எடுத்துக்கொண்டார். 11 முதல் 13 வரை அவர் வைக்கும் வாதங்கள் மூன்று: இவர்கள் நீர் மீட்ட ஜனம், எகிப்தியர் உம்மைப் பழிப்பார்கள், ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் இஸ்ரவேலுக்கும் ஆணையிட்டிருக்கிறீர். ஜனங்கள் நல்லவர்கள் என்றோ, அறியாமல் செய்துவிட்டார்கள் என்றோ ஒரு வார்த்தை இல்லை. வாதம் முழுக்கக் கர்த்தருடைய குணத்தின்மேலும் வாக்கின்மேலும் நிற்கிறது.

14-ஆம் வசனத்தில் அழிவு விலகுகிறது. பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ந்து வாசித்தால், 28-ல் ஏறக்குறைய 3,000 பேர் விழுகிறார்கள். 35-ல் கர்த்தர் ஜனங்களை வாதிக்கிறார். ஜனம் அழியவில்லை, தண்டனையும் நீங்கவில்லை. இதையெல்லாம் கடந்துதான் 34:6, 7 வருகிறது. ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம். மூன்றாம் நான்காம் தலைமுறை வரை அக்கிரமத்துக்குத் தண்டனை. இரண்டும் சம எடை அல்ல. ஆனால் சிறிய பக்கத்தை அழித்துவிடவும் முடியாது. விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்கினால் என் கோபம் மூளும் என்று 22:22-24 சொல்கிறது. கோபமே வராத கடவுளிடம் அந்த விதவை முறையிட்டு என்ன பயன்? அவளுக்கு அந்தக் கோபமே இரக்கம்.

யோனா புத்தகத்தில் தப்பிய நினிவே, நாகூம் புத்தகத்தில் அழிகிறது. இது முரண்பாடு இல்லையா?
– வாசகர், தூத்துக்குடி

இரண்டு தீர்க்கதரிசிகளும் யாத்திராகமம் 34-இல் உள்ள அதே வசனத்தைத்தான் எடுக்கிறார்கள். யோனா 4:2-ஐயும் நாகூம் 1:3-ஐயும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மூல வசனத்தில் அவர்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று அடிக்கோடிடுங்கள். யோனா முதல் பாதியை எடுத்து, ‘தீங்குக்கு மனஸ்தாபப்படுகிறவர்’ என்பதைச் சேர்க்கிறார். தண்டனை வரியை விட்டுவிடுகிறார். அதையும் புகழ்ச்சியாக அல்ல, குறையாகச் சொல்கிறார். எதிரியான அசீரியரின் நகரத்துக்குக் கிடைத்த மன்னிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை. நாகூமோ ‘நீடிய சாந்தம்’ என்று தொடங்கி, ‘மகா தயை’ வரவேண்டிய இடத்தில் ‘மிகுந்த வல்லமை’ என்கிறார். ஆக்கினையின்றித் தப்புவிக்கமாட்டார் என்று முடிக்கிறார்.

காலத்தையும் கவனியுங்கள். 2 இராஜாக்கள் 14:25 யோனாவை இரண்டாம் யெரொபெயாமின் காலத்தோடு, அதாவது கி.மு. 8-ஆம் நூற்றாண்டோடு இணைக்கிறது. நினிவே விழுந்தது கி.மு. 612-இல். யோனா 3:8-இல் அவர்கள் விட்டுத் திரும்பியது கைகளின் கொடுமையை. நாகூம் 3:1-இல் அது மறுபடியும் இரத்தப்பழிகளின் நகரம். மாறியது நகரம்.

யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் ஜெப ஆலயத்தில் யோனாவை முழுவதும் வாசிக்கிறார்கள். அன்றைய மன்றாட்டுகளில் யாத்திராகமம் 34-ஐச் சொல்லும்போது தண்டனைப் பகுதிக்குப் போகாமல் மன்னிப்போடு நிறுத்துகிறார்கள். ஜெபிக்கிறவன் எந்தப் பாதியைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதில் அவர்களுக்குத் தெளிவு உண்டு.

பழைய ஏற்பாட்டில் கோபம், புதிய ஏற்பாட்டில் அன்பு என்று சொல்லலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. மார்சியன் என்பவர் இப்படி இரண்டு கடவுளாகப் பிரித்தார், கி.பி. 144 வாக்கில் ரோமாபுரி சபை அவரை விலக்கியது. ஓசியா 11:8, 9-ஐயும் வெளிப்படுத்தல் 6:16-ஐயும் அடுத்தடுத்து வாசித்தாலே போதும். இரக்கத்தால் உருகுவது பழைய ஏற்பாட்டின் கடவுள், புதிய ஏற்பாட்டில் வரும் கோபம் ஆட்டுக்குட்டியானவராகிய இயேசுவுடையது.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரே நோய். ‘மூன்றாம் நான்காம் தலைமுறை’ சாபம் என்கிறார்கள். சாபம் முறிக்கும் ஜெபத்துக்குக் காணிக்கை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

கொடுக்காதீர்கள். யாத்திராகமம் 20:5-இல் அந்த வாக்கியத்தோடு ‘என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து’ என்ற நிபந்தனை இருக்கிறது. உங்களிடம் அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்ன, பிள்ளைகளின் பற்கள் கூசும் என்ற பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் 18 தொடங்குகிறது. குமாரன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று 20-ஆம் வசனம் தீர்த்துவிடுகிறது. பிறவிக் குருடனைக் குறித்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார் இயேசு (யோவான் 9:3).

மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராகைப் பூமி விழுங்கியது. அவன் குமாரரோ சாகவில்லை (எண்ணாகமம் 26:11). அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் 42, 84 உள்ளிட்ட சங்கீதங்கள் இருக்கின்றன. ஜெபத்துக்கு உங்கள் சபைப் போதகரை அழையுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மருத்துவரிடம் போகும்போது, குடும்பத்தில் யார் யாருக்கு, எந்த வயதில் அந்த நோய் வந்தது என்று எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பரிசோதனை வேண்டுமா என்று அவர் சொல்ல அது உதவும்.