பதில்: வௌவால் போனபின் கட்டிலில் உண்ணி

நண்பரே, திருப்பாதிரிப்புலியூர் ஓட்டு வீட்டில் வௌவால்களை விரட்டிப் பொந்தை அடைத்த பிறகுதான் கட்டிலில் தட்டையான பழுப்புப் பூச்சிகள் என்கிறீர்கள். கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தால் மூட்டைப்பூச்சி அல்ல, அநேகமாக வௌவால் உண்ணி. நாய் உண்ணிபோல நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்காது; வளர்ந்தவை இரவில் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிட்டு விரிசலுக்குள் போய்விடும். மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். மேலே வௌவால் இல்லாவிட்டால் கீழே தூங்குபவரைத்தான் கடிக்கும். எனவே உத்திரம் சுவரைத் தொடும் இடத்து விரிசல்களையும் பூசுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். வௌவால் எச்சத்தை நனைக்காமல் பெருக்காதீர்கள்.

இவ்வகை உண்ணிகளில் பொரீலியா, ரிக்கெட்சியா பாக்டீரியாக்களைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். உண்ணிக்குள் இருப்பது வேறு, மனிதருக்கு நோய் வருவது வேறு, பதற வேண்டாம். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் மட்டும் மருத்துவரிடம் கடியைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். நம் பக்கத்தில் அதைவிடச் சந்தேகிக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல். அது புதர்ச் சிற்றுண்ணியின் வேலை. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள்.

பிடித்த உண்ணியை நசுக்காமல் ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். புதுச்சேரியில் நோய் பரப்பும் பூச்சிகளுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.