அறிவியல் புனைகதைப் படங்களின் விண்கலப் பலகைகளில் அகலமான, மூலை மழுங்கிய ஆங்கில எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண எழுத்துருவையே அகலவாக்கில் இழுத்தால் அந்த ‘விண்கலப் பலகை’ தோற்றம் வருமா?

வராது. இழுத்த எழுத்து இழுத்ததாகவே தெரியும், காரணம் கோடுகளின் தடிமன். செங்குத்துக் கோடு 80 அலகு, கிடைக்கோடு 70 அலகு என்று வையுங்கள். 140% இழுத்ததும் முதலாவது 112 ஆகிவிடும். இரண்டாவது 70-லேயே நிற்கும். வளைவுகளும் நசுங்கிப்போகும்.

அந்தத் தோற்றத்தைக் கொடுப்பது வளைவின் வடிவம்தான். இத்தாலியின் டூரின் நகரில் இருந்த நெபியோலோ என்ற அச்செழுத்து வார்ப்பகத்துக்காக அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நொவாரேசேயும் வடிவமைத்த மைக்ரோகிராமா என்ற எழுத்துரு 1952-இல் வந்தது. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் (கேபிடல்) மட்டுமே. சிறிய எழுத்துகளோடு நொவாரேசே 1962-இல் கொண்டுவந்தது யூரோஸ்டைல். இரண்டிலும் ‘ஓ’ (O) பழைய டிவி திரை மாதிரி இருக்கும்: பக்கங்கள் ஏறக்குறையத் தட்டை, மூலைகள் மழுங்கல்.

நீங்களே வரைவதானால், கால்வட்டத்துக்கு பெசியர் கைப்பிடியின் (வரைகலை மென்பொருளில் வளைவைத் திருத்த இழுக்கும் கோடு) நீளம் ஆரத்தில் சுமார் 55%. அதை 70% அளவுக்கு நீட்டினால் டிவி திரை வடிவம் கிடைக்கும். 80%-ஐத் தாண்டினால் மூலை உருட்டிய பெட்டிதான். பலர் தவறுவது உள்வளைவில். வெளிவளைவின் விகிதத்தையே உள்ளேயும் போட்டால் மூலையில் கோடு சுமார் 8% தடித்துவிடும், எழுத்து கனத்துத் தெரியும். உள்வளைவை இன்னும் கொஞ்சம் சதுரமாக்குங்கள். புள்ளிகளை வளைவின் உச்சிகளில் மட்டும் வையுங்கள்.

வரைய நேரமில்லையா? மிக்ரோமா, ஆர்பிட்ரான், ஆடியோவைட் மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். மிக்ரோமாவிலும் ஆடியோவைடிலும் ஒரே எடைதான் (எழுத்தின் தடிமன் அளவு) உண்டு. வலைப்பக்கத்தில் எச்1 என்ற தலைப்புக் குறிக்குள் போட்டால் உலாவி தானாகவே போலித் தடிமன் சேர்த்து எழுத்தின் உட்புறத்தை அடைத்துவிடும். எடையை 400 (இயல்பான தடிமன்) என்று சிஎஸ்எஸ்-இல், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிமுறையில், கட்டாயம் எழுதுங்கள். தடித்தது தேவையென்றால் ஆர்பிட்ரானுக்குப் போங்கள், அதில் 900 வரை உண்டு.

எழுத்திடைவெளி பெரிய எழுத்துகளுக்கு எழுத்தளவில் 2 முதல் 5% போதும். அதற்கு மேல் போனால் சொல் சிதறிவிடும், ஏற்கெனவே ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் நிறைய வெற்றிடம் இருக்கிறது. ‘எல்’லுக்குப் பின் ‘டி’ (LT), ‘ஏ’வுக்குப் பின் ‘வி’ (AV) வரும் இடங்களைக் கையால் நெருக்குங்கள். எழுத்துகளின் நீட்டுக்கோடுகள் நீளமானவை என்பதால் பள்ளம் பெரிதாகத் தெரியும்.

பத்திகளுக்கு இந்த வகை வேண்டவே வேண்டாம். ஒரு வரியில் நாலைந்து சொல்தான் அடங்கும். நீளமான தலைப்புகூட கைபேசித் திரையில் உடைந்து மூன்று வரியாகும், அதனால் 320 பிக்சல் அகலத்தில் முதலில் பார்த்துவிடுங்கள்.

தொடர் எண்ணுக்கும் கடவுச்சொல்லுக்கும் கூடாது. மூலைகள் எல்லாம் ஒரே மாதிரி மழுங்கியிருப்பதால் 12 பிக்சலில் ‘ஓ’வும் பூஜ்ஜியமும் ஒன்றுபோலவே தெரியும், 8-ஐ ‘பி’ (B) என்று படிப்பார்கள். குறுக்குக்கோடு போட்ட பூஜ்ஜியம் அந்த எழுத்துருவில் இருந்தால் அதை இயக்குங்கள், இல்லையேல் அந்த வரிக்கு மட்டும் வேறு எழுத்துரு.