ரப்பர் புழுவும் ரப்பர் மீனும்: கெடாமல் வைப்பது எப்படி? (கேள்வி பதில்)

காசல்ரி, மவுசாக்கலை, மேல் கொத்மலை என்று நம் பக்கத்து நீர்த்தேக்கங்களில் சொஃப்ட் பெய்ட், அதாவது தூண்டில் முள்ளில் கோர்க்கும் மிருதுவான ரப்பர் புழு, ரப்பர் மீன் போடுகிறவர்கள் இப்போது அதிகம். மீன் பிடிப்பதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இன்று பெய்ட்டை வைத்திருக்கும் முறை மட்டும்.

ஹட்டன்: அண்ணே, புது டப்பாவில் போட்ட புழுக்கள் அடியோடு ஒட்டிவிட்டன. டப்பாவே உருகியிருக்கிறது. வெயில் பட்டதாலா?

வெயில் இல்லை தம்பி. அந்தப் புழு பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். பிவிசி இயல்பில் கெட்டியானது. அதை மிருதுவாக்க ஒருவித எண்ணெய் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் பிவிசியோடு நிரந்தரமாகப் பிணைவதில்லை, மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிவாக, அழுத்தினால் பட்டென்று உடைகிற டப்பா பொலிஸ்டைரீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக். கசிகிற எண்ணெய் அதைக் கரைத்துவிடும். மரத்தில் செய்த லூரின் (போலி மீனின்) பெயின்டையும் அதே எண்ணெய் உரிக்கும்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 6 என்றால் பொலிஸ்டைரீன், வேண்டாம். 5 என்றால் பொலிப்ரொப்பிலீன், தாராளமாகப் போடலாம். 2-உம் சரி. 5 போட்ட ஐஸ்கிறீம் டப்பா வீட்டில் கிடந்தால் அதுவே போதும். ஆனால் எல்லாவற்றையும்விட நல்லது, பெய்ட் வந்த பையிலேயே விட்டு, பைகளை டப்பாவுக்குள் நிறுத்தி அடுக்குவதுதான். எந்த நிறம், எந்த அளவு என்று தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. சில கம்பெனிகள் பிவிசி இல்லாமல் டிபிஈ என்ற வேறொரு பொருளில் செய்கின்றன. இசட்மேன் கம்பெனியின் எலாஸ்டெக் அந்த வகை. பிவிசியும் அதுவும் தொட்டுக்கொண்டு கிடந்தால் இரண்டும் கூழாகிவிடும். ஒன்றாக வைக்காதீர்கள்.

தலவாக்கலை: கடையில் பை இல்லாமல் சில்லறையாக வாங்கினேன். எது எந்த வகை என்று எப்படித் தெரியும்?

இழுத்துப் பாருங்கள். டிபிஈ பல மடங்கு நீண்டு பழையபடி திரும்பும். பிவிசி கொஞ்சம் நீண்டதும் கிழியத் தொடங்கும். ஒரு கோப்பை தண்ணீரிலும் போடலாம்: டிபிஈ மிதக்கும், உப்புச் சேர்த்த பிவிசி அடியில் போகும். அப்படியும் சந்தேகம் என்றால் தனிப் பையில் வையுங்கள்.

பண்டாரவளை: வெள்ளைப் புழு கறுப்போடு கிடந்து சாம்பல் நிறமாகிவிட்டது. கழுவினால் போகுமா?

போகாது. சாயம் உள்ளே இறங்கிவிட்டது. கலங்கல் தண்ணீரில் அதையும் போட்டுப் பாருங்கள். இனிமேல் கறுப்பும் சிவப்பும் ஒரு பை, வெளிர் நிறம் இன்னொரு பை.

நோர்வூட்: எலாஸ்டெக்கையும் சாதாரண ரப்பர் மீனையும் ஒரே டப்பாவில் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

நானுஓயா: எங்கள் பக்கம் எப்போதும் மூடுபனி. பெய்ட் டப்பாவில் ஈயத்தலை முள்ளெல்லாம் துருப்பிடிக்கிறது.

பெய்ட்டில் உள்ள உப்புதான் காரணம். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் முள்ளைத் தின்னும். முள்ளையும் பெய்ட்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். திரும்பி வந்ததும் முள்ளைக் கழற்றி, துடைத்து, காயவிட்டுத் தனியாக வையுங்கள். ஆடி மழையில் துணியே காயாத ஊரில் ஈரப் பெய்ட்டைப் பையில் போட்டு மூடினால் பூஞ்சணமும் வரும்.

மஸ்கெலியா: மவுசாக்கலையில் தண்ணீர் வற்றினால், மூழ்கிய பழைய ஊரின் கல்லிலும் கட்டையிலும் மாட்டி நிறையப் புழு கிழிகிறது. கிழிந்ததையெல்லாம் அடுப்பில் உருக்கிப் புதிதாக வார்க்கலாமா?

வீட்டு அடுப்பில் வேண்டாம்.

பொகவந்தலாவை: யூடியூபில் எல்லாரும் செய்கிறார்களே அண்ணே! எண்ணெய்ச் சட்டியில் சூடாக்கினால் உருகுகிறது. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பயமுறுத்தத்தான் வேண்டும். பிவிசியை வார்க்கத் தேவையான சூடு ஏறக்குறைய 175 பாகை செல்சியஸ். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைட் வாயுவை விடும். அது தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தில் பட்டதும் அமிலமாகும். விறகடுப்பில் அந்தச் சூட்டை எதை வைத்து அளப்பீர்கள்? லயக் காம்பராவின் குசினியில் விறகுப் புகையே வெளியே போக வழியில்லை. பக்கத்தில் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். வீடியோவில் இருப்பவரைக் கவனியுங்கள்: வெப்பமானி, முகமூடி, திறந்த இடம்.

மஸ்கெலியா: சரி, இஸ்தோப்பில் வைத்துச் செய்தால்?

இஸ்தோப்பு போதாது, பக்கத்து வீட்டு வாசலும் அதுதான். அப்புறம், பழைய புழுவில் தண்ணீர் ஊறியிருக்கும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டு நீர் நொடியில் ஆவியாகி, உருகிய பிவிசியை முகத்தில் தெறிக்கவைக்கும். தோலில் ஒட்டினால் உரிக்க முடியாது. நடுவில் ஒரு டிபிஈ துண்டு கலந்திருந்தால் வார்ப்பும் பாழ்.

கிழிந்த பிவிசியைச் சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். தலை கிழிந்தால் கிழிசலை வெட்டிவிட்டுச் சின்ன முள்ளில் கோர்த்துவிடுங்கள். அதற்கும் உதவாதது குப்பைக்கு. தண்ணீரில் எறியாதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள். குளத்தில் கிடக்கும் புழு ஊறிப் பருக்கும். அதை விழுங்கும் மீனுக்குச் செரிக்காது.

பொகவந்தலாவை: மைக்ரோவேவ்?

சாப்பாடு சூடாக்கும் எதிலும் கூடாது.

பதுளை: வால் மடங்கிப்போன மீனை நிமிர்த்த முடியுமா?

பிவிசி என்றால் முடியும். கொதித்து இறக்கிய தண்ணீரில், ரப்பர் மீனின் மூக்கைப் பிடித்தபடி அரை நிமிடம் தொங்கவிடுங்கள். வால் தானாக நேராகும். உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். அடுத்த முறை நேராகப் படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றாமல் வையுங்கள்.

கொட்டகலை: கல்ப் (Gulp) என்ற வகைப் புழு காய்ந்து குச்சியாகிவிட்டது.

அது பிவிசி இல்லை, தண்ணீரை உள்ளே வைத்திருக்கும் வகை. பையோடு வந்த அதன் சாற்றிலேயே, இறுக மூடி இருக்க வேண்டும். சாற்றில் ஊறவைத்துப் பாருங்கள், ஓரளவு திரும்பலாம். முள்ளில் விட்டுவைத்தால் கல்லாகிவிடும், பிறகு கத்தியால்தான் வெட்ட வேண்டும்.

வெலிமடை: இரண்டு கம்பெனிப் புழுவையும் ஒரே பையில்...

இதே பதில் மூன்றாவது முறை. கம்பெனி எதுவானாலும் பிவிசியோடு பிவிசி, டிபிஈயோடு டிபிஈ.

நுவரெலியா: ஹோர்டன் சமவெளி ஓடையில் ட்ரவுட் மீனுக்கு எந்தப் புழு?

அது 1988 முதல் தேசியப் பூங்கா, தூண்டிலை வீட்டில் வையுங்கள். மற்ற இடங்களின் அனுமதி பற்றிக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் கேளுங்கள்.