வீடு விற்கும்போது புரோக்கர் நம்பிக்கைத் துரோகம் செய்தால் என்ன செய்வது?

கேள்வி: திருச்சி கே.கே. நகரில் அப்பா கட்டிய வீட்டை நானும் தம்பியும் விற்க நினைத்தோம். இருவருமே வெளியூரில் இருப்பதால், தெரிந்த புரோக்கர் ஒருவரிடம் சாவியையும் மூலப்பத்திரத்தையும் கொடுத்திருந்தோம். 72 லட்சத்துக்கு மேல் போகவே போகாது என்று சொல்லி ஒருவரை அழைத்து வந்தார். 2 லட்சம் முன்பணம் வங்கிக் கணக்கில் வந்தது. முத்திரைத்தாளில் ஆறு மாதக் கெடு வைத்து ஒப்பந்தம் எழுதினோம், பதிவு செய்யவில்லை. இப்போது மூன்று மாதம் ஆகிறது. வாங்குகிறவர் புரோக்கரின் மைத்துனர் என்று போன வாரம்தான் தெரிந்தது. அதே வீட்டை 88 லட்சத்துக்குப் புரோக்கர் விளம்பரம் செய்திருப்பதையும் பார்த்தேன். பத்திரத்தைத் திருப்பிக் கேட்டால், "கமிஷன் 2 சதவீதம் கொடுத்துவிட்டு பத்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்களுக்கு நடந்தது தமிழ்நாட்டில் வீட்டு வியாபாரத்தில் அடிக்கடி நடப்பதுதான். இதில் புரோக்கரின் கணக்கு எளிமையானது. 72 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் அவருக்கு 1,44,000 ரூபாய். உங்களுக்காக உழைத்து 88 லட்சத்துக்கு விற்றுக் கொடுத்தாலும் 1,76,000தான். கூடுதலாகக் கிடைப்பது வெறும் 32,000. ஆனால் நடுவில் சொந்தக்காரர் பெயரில் ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டால், அந்த 16 லட்சமும் அவருடையது. 2 லட்சத்தை ஆறு மாதம் முடக்கி 16 லட்சம் எடுக்கும் வழி இது. மைத்துனர் வீட்டை வாங்கப்போவதே இல்லை. 88 லட்சம் தருகிறவர் கிடைத்ததும் நேராக அந்தப் புதியவர் பெயருக்கே உங்களைக் கிரையம் செய்து தரச் சொல்வார், வித்தியாசத்தைத் தனியாக வாங்கிக்கொள்வார்.

அதனால் முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வரியைத் தேடுங்கள். "வாங்குபவர் பெயருக்கோ அல்லது அவர் குறிப்பிடும் நபர் பெயருக்கோ கிரையம் செய்து தர வேண்டியது" என்கிற மாதிரி ஒரு வாசகம் அதில் இருக்கலாம். இந்த வாசகம் சட்ட விரோதமானது அல்ல, பல நல்ல ஒப்பந்தங்களிலும் இருக்கும். ஆனால் வாங்குபவர் புரோக்கரின் மைத்துனர், அதே வீட்டுக்கு 88 லட்சம் என்று விளம்பரம் ஓடுகிறது என்ற இரண்டோடும் சேர்த்துப் படித்தால் திட்டம் தெளிவாகிவிடும்.

இன்னொன்றையும் உங்களுக்குள் நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். "உங்களுக்கு நெட்டாக 72, மேலே வருவது என்னுடையது" என்று அவர் எப்போதாவது சொல்லி, நீங்கள் சரி என்றீர்களா? போனிலோ வாட்ஸ்அப்பிலோ அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் உங்கள் வழக்கு பாதி பலவீனமாகிவிடும். அப்படிப் பேசியதே இல்லை, கமிஷன் மட்டும்தான் பேச்சு என்றால் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அவரே 2 சதவீதம் கேட்பதால் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

சண்டையை இப்போதே தொடங்காதீர்கள். அவர் விழித்துக்கொண்டால் விளம்பரம் காணாமல் போகும், செய்திகள் அழியும். விளம்பரத்தைத் தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள், அதன் இணைப்பையும் சேமித்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுசாக ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். அந்தப் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றுகளை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதைத் தயாரிக்க வழக்கறிஞர் உதவுவார், மூலக் கருவி உங்களிடம் இருப்பது முக்கியம். மைத்துனர் உறவை நிரூபிக்கத் திருமணப் பத்திரிகை, பொதுவில் இருக்கும் குடும்பப் படம் என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

அடுத்து வீட்டுப் பூட்டு. யாராவது ஒருவர் நேரில் போய் மாற்றிவிட்டு வாருங்கள். மின்சார மீட்டர், அறைகள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சாவி அவரிடம் இருக்கும்வரை யாரையாவது உள்ளே குடிவைக்க அவரால் முடியும். அப்படிக் குடிவந்தவரை வெளியேற்ற வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பிறகு, நீங்களோ தம்பியோ அவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கடிதத்தில் சொல்லவில்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் பலர் அலைச்சலுக்குப் பயந்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் கேட்கிறேன். கொடுத்திருந்தால் மற்ற எல்லா வேலையையும் தள்ளிவைத்துவிட்டு, அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். ரத்து செய்த தகவலைத் தபாலில் அவருக்குத் தெரிவியுங்கள். அதிகாரத்தைத் திரும்பப் பெற்றது அவருக்குத் தெரியவரும்போதுதான் அவரைக் கட்டுப்படுத்தும், வெளியாருக்கு அவர்களுக்குத் தெரியவரும்போதுதான். இது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 208-வது பிரிவு. நாளிதழில் ஒரு பொது அறிவிப்பு கொடுப்பது இதனால்தான். பவர் கொடுக்காவிட்டாலும் அந்த அறிவிப்பு பயன்படும்: இந்த வீட்டை விற்கவோ முன்பணம் வாங்கவோ இன்னாருக்கு அதிகாரம் இல்லை என்று நான்கு வரி போதும். அவரை மோசடிக்காரர் என்று அதில் எழுதாதீர்கள், அவதூறு வழக்குக்கு நீங்களே வழி திறக்கக் கூடாது. பதிவுத்துறையின் இணையதளத்தில் புதிய வில்லங்கச் சான்றும் ஒன்று எடுத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவாகியிருந்தால் அதில் தெரியும்.

இனி சட்டத்துக்கு வருவோம். புரோக்கர் உங்கள் முகவர், சட்டத்தின் பார்வையில் நீங்கள் அவருடைய முதலாளி. முகவர் தன் முதலாளியின் அனுமதி இல்லாமல், முக்கிய விவரங்களைச் சொல்லாமல் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த நடவடிக்கையை முதலாளி ஏற்க மறுக்கலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 215-வது பிரிவு. விவரத்தை அவர் நேர்மையின்றி மறைத்தார் என்றோ, அதனால் உங்களுக்கு நஷ்டம் என்றோ இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும். அந்தப் பிரிவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: தன் நிலத்தை விற்றுத் தரச் சொல்லி ஒருவர் முகவரிடம் ஒப்படைக்கிறார், முகவர் மூன்றாவது ஆள் பெயரில் அதைத் தானே வாங்கிக்கொள்கிறார். உங்கள் கதை அப்படியே 150 வருடத்துக்கு முந்தைய சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 216-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், அப்படி முகவர் அடைந்த லாபத்தையும் நீங்கள் கேட்கலாம் என்கிறது.

கமிஷனுக்கு 220-வது பிரிவு. தவறாக நடந்துகொண்ட முகவருக்கு, அந்த வேலைக்கான ஊதியம் கேட்க உரிமையில்லை. "பத்திரம் வேண்டுமென்றால் கமிஷன்" என்று அவர் சொல்வது 221-வது பிரிவை நம்பி. முகவர் தனக்குச் சேர வேண்டிய பாக்கி வரும்வரை முதலாளியின் ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள அது அனுமதிக்கிறது. ஆனால் பாக்கியே இல்லாதபோது பிடித்து வைக்கவும் உரிமை இல்லை. அவர் வக்கீல் வழியாகப் பதில் அனுப்பினால் இந்தப் பிரிவைத்தான் முதலில் எழுதுவார் என்பதால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் புரோக்கரின் சொந்தக்காரர் என்பது மட்டுமே ஒப்பந்தத்தை உடைத்துவிடாது. மைத்துனர் உண்மையாகவே தன் சொந்தப் பணத்தில் வாங்க வந்தவர், புரோக்கரின் திட்டம் அவருக்குத் தெரியாது என்று நிறுவிவிட்டால், புரோக்கர்மேல் உங்களுக்குக் கோபம் இருந்தாலும் ஒப்பந்தம் நிற்கும். "பதிவு செய்யவில்லை, அதனால் அது வெறும் காகிதம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற திருத்தம் இருந்தாலும், பதிவாகாத ஒப்பந்தத்தையும் 'ஒப்பந்தத்தை நிறைவேற்று' என்று கேட்கும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். அப்படி ஒரு வழக்கு போடப்பட்டால் உங்கள் வீடு வருடக்கணக்கில் விலை போகாமல் முடங்கும். ஆகவே இந்த ஒப்பந்தத்தை முறையாக முடித்து வைக்காமல் வேறு யாரிடமும் ஒரு ரூபாய் முன்பணம்கூட வாங்காதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் இரண்டு அனுப்புங்கள், ஒன்று புரோக்கருக்கு, ஒன்று மைத்துனருக்கு. இரண்டிலும் நீங்களும் தம்பியும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் போகட்டும். புரோக்கருக்கு: முகவர் பொறுப்பிலிருந்து நீக்குகிறோம், பத்திரத்தையும் சாவியையும் இத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், கமிஷன் கிடையாது. மைத்துனருக்கு: உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதம் என்பதால் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம், முன்பணத்தைத் திருப்பித் தரத் தயார். "தயார்" என்று எழுதுங்கள், ஆனால் இப்போதே அனுப்பிவிட வேண்டாம். எப்போது கொடுத்தாலும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு வங்கி வழியாகவே போக வேண்டும். புரோக்கர் கையில் ரொக்கமாகக் கொடுத்தால், வாங்கவே இல்லை என்பார். மேலும் வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதும் திருப்பித் தருவதும் வருமான வரிச் சட்டத்தில் தடை, அதே அளவு தொகை அபராதமாக வரலாம்.

போலீஸுக்குப் போகலாமா? விலையைக் குறைத்துச் சொன்னார் என்பதற்கு மட்டும் போனால், சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள், அதில் நியாயமும் உண்டு. எழுதிக் கேட்ட பிறகும் பத்திரத்தைத் தராமல் இருப்பது வேறு விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 316-வது பிரிவு நம்பிக்கை மோசடி, 318 ஏமாற்றுதல். 316-இன் ஐந்தாவது உட்பிரிவு, தொழில் முறையில் தரகராகவோ முகவராகவோ இருந்து நம்பிக்கை மோசடி செய்பவருக்கு ஆயுள் தண்டனை அல்லது பத்து ஆண்டுவரை சிறை என்கிறது. ஆகவே நோட்டீஸ் கெடு முடிந்ததும் புகார் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாநகரக் காவல் ஆணையருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் மனு போடலாம்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் புகார் செய்யலாமே என்று பலர் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் முகவர் பதிவு, பதிவுபெற்ற திட்டங்களில் உள்ள மனை, குடியிருப்பு விற்பனைக்கானது. அப்பா கட்டிய பழைய வீட்டின் விற்பனை அதற்குள் வராது. அங்கே நேரத்தைச் செலவழிப்பதைவிட மாவட்ட நுகர்வோர் ஆணையம் மேல். கமிஷன் பேசிய சேவை என்பதால் சேவைக் குறைபாடு என்று மனுச் செய்யலாம். சேவைக்கான தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் செலவுக்குத் தயங்கினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

இவ்வளவு சொன்னாலும், இந்த மாதிரி விவகாரம் பெரும்பாலும் நோட்டீஸ் போன சில வாரங்களில் பேச்சில்தான் முடியும், அப்படி முடிவதே உங்களுக்கும் நல்லது. மைத்துனருக்குத் தன் 2 லட்சம் திரும்பினால் போதும். புரோக்கருக்கு ஊரில் பெயர் முக்கியம். ஆனால் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒப்பந்த ரத்துப் பத்திரத்தில் நீங்கள், தம்பி, மைத்துனர் மூவரும் கையெழுத்துப் போட்டு, பழைய ஒப்பந்தத்தின் அசல் உங்கள் கைக்கு வந்து, மூலப்பத்திரத்தைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்த பிறகே பணத்தை அனுப்புங்கள். அந்த வீட்டைப் பொறுத்து எந்தக் கமிஷனும் கேட்க மாட்டேன் என்று புரோக்கர் தனியாக ஒரு கடிதம் தர வேண்டும். விளம்பரம் பார்த்து வந்த 88 லட்சக்காரர் நாளை உங்களை நேரடியாகத் தேடி வரலாம். "நான் காட்டிய பார்ட்டி" என்று புரோக்கர் அப்போது கிளம்பாமலிருக்க, அவர் மூலம் இதுவரை வீட்டைப் பார்த்த யாருக்கு விற்றாலும் இந்தக் கடிதம் பொருந்தும் என்ற வரியையும் அதில் எழுதி வாங்குங்கள்.