காற்றாலை இரைச்சலும் மீன்களும்

கேள்வி: நம் கடலில் காற்றாலைகள் வரப்போவதாகச் செய்தி வருகிறது. அவற்றின் இரைச்சலுக்கு மீன்கள் ஓடிவிடும் என்கிறார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். வெளிநாடுகளில் காற்றாலைத் தூண்களைச் சுற்றித்தான் மீன் கூடுகிறது என்கிறான் என் மகன். எது உண்மை?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். கட்டும்போது எழும் இரைச்சல் வேறு, ஓடும்போது எழும் இரைச்சல் வேறு.

காற்றாலைத் தூணாக நிற்கப்போகும் பல மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாயைக் கடற்படுகைக்குள் அடித்து இறக்கும்போது, ஒவ்வோர் அடியின் ஒலியும் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் நீரில் பரவுகிறது. மிக அருகிலுள்ள மீனின் காற்றுப்பை (மீன் மிதக்க உதவும் உள்ளுறுப்பு) அந்த அழுத்தத்தில் சட்டென்று சுருங்கி விரிவதால், பையும் அதை ஒட்டிய உறுப்புகளும் காயமடையலாம். சற்றுத் தொலைவில் இருப்பவை அவ்விடத்தை விட்டு விலகலாம். ஜெர்மனியில் தூணிலிருந்து 750 மீட்டர் தொலைவில் ஓர் அடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு முதன்மையாக ஓங்கிலை (டால்பினை) ஒத்த ஒரு பாலூட்டிக்காக வகுக்கப்பட்டதே தவிர மீனுக்காக அன்று. அதைக் கடைப்பிடிக்க, தூணைச் சுற்றித் துளையிட்ட குழாயைக் கடலடியில் கிடத்தி, காற்றைச் செலுத்திக் குமிழித் திரை எழுப்புகிறார்கள். (நீரில் 160 டெசிபல் என்பதைக் காற்றில் கேட்கும் 160 டெசிபலுடன் சிலர் ஒப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை அளவே வேறாகையால் அந்த ஒப்பீடு செல்லாது.)

ஓடும் காற்றாலையில் பற்சக்கரப் பெட்டியும் மின்னாக்கியும் அதிர, அந்த அதிர்வு தூண் வழியே நீருக்குள் இறங்குகிறது. பெரும்பாலும் 1,000 ஹெர்ட்சுக்குக் கீழான இந்த முனகல், அதே தொலைவில் செல்லும் ஒரு சரக்குக் கப்பலின் ஒலியைவிடக் குறைவுதான். ஆனால் கப்பல் கடந்துபோய்விடும், காற்றாலையோ இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே நிற்கும்.

உங்கள் மகன் சொல்வதற்குச் சான்று, சுவீடனுக்கும் டென்மார்க்குக்கும் இடையிலான நீரிணையில் உள்ள லில்கிரண்ட். அங்கே 48 காற்றாலைகள் 2007 முதல் இயங்குகின்றன. காட் மீனும் விலாங்கும் தூண்களின் அடியில் கூடுவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். தூணில் படியும் சிப்பிகளும், காலடியில் குவித்த பாறைகளும் இரையும் மறைவிடமும் தருகின்றன. எனினும், மீன் அங்கே இருக்கிறது என்பதாலேயே ஒலி அதைப் பாதிக்கவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். காட் மீன் முட்டையிடும் பருவத்தில் உறுமித் துணையை அழைக்கும். அந்த உறுமலும் காற்றாலையின் முனகலும் ஏறத்தாழ ஒரே தாழ்ந்த அதிர்வெண்களில் அமைவதால், முனகல் உறுமலை மூழ்கடிக்கலாம். நார்வேயின் கடற்கழி ஒன்றில் நடத்தி 2023-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 100 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்ட காட் குஞ்சுகள் அதன் திசை நோக்கியே நீந்தின. குஞ்சுகள் போய்ச் சேரும் இடமே மாறிவிட்டால் அது கூட்டத்துக்கு நன்மையா தீமையா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

கேள்வி: எல்லா மீனுக்கும் ஒரே பாதிப்பா? நம் கடலுக்கு இது எப்படிப் பொருந்தும்?
(அதே வாசகர்)

பதில்: இல்லை. மத்திக்கும் நெத்திலிக்கும் காற்றுப்பை காது வரை நீள்வதால் அவற்றுக்குச் செவி கூர்மை. காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் வளர்ந்த நாக்குமீனும் அழுத்தத்தை அன்றி, நீர்த்துகள்களின் அசைவையே உணர்கின்றன. வழக்கமான நீரடி ஒலிவாங்கி அளப்பதோ அழுத்தத்தை மட்டும். ஆகவே டெசிபல் கணக்கை மட்டும் காட்டும் அறிக்கை பாதிக் கதையையே சொல்கிறது என்பது என் கருத்து.

குஜராத், தமிழகக் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு நிதியுதவி அளிக்க 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நம் கத்தாளையும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலியெழுப்பும் மீன்தான். எனவே கட்டுவதற்கு முன்பே, துகள் அசைவையும் சேர்த்துக் கடலின் இயல்பான ஒலியை ஓராண்டாவது அளந்து வைக்க வேண்டும். இனப்பெருக்கத்தை முன்னிட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை உள்ளதல்லவா? தூண் அடிக்கும் வேலையையும் அந்த 61 நாள்களில் நிறுத்திவைக்குமாறு உங்கள் ஊர் மீனவர் சங்கம் கேட்கலாம்.